செருப்பைக் கவ்வி வருகிறானா? திட்டாதீர்கள்!

உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு லாப்ரடார் குட்டி வந்திருக்கிறதா? பட்டு மாதிரி காது, பானை வயிறு, யார் உட்கார்ந்தாலும் மடியில் ஏறிக்கொள்ளும் சுபாவம்... முதல் வாரம் வீடே கொண்டாடும். மூன்றாவது வாரம் தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு போயிருக்கும். பாப்பாவின் கணக்கு நோட்டு போயிருக்கும். வந்த விருந்தாளியின் செருப்பில் ஒன்று மட்டும் காணாமல் போயிருக்கும். "இது நாயா, பேயா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். எட்டாவது மாதத்தில், "தெரிஞ்சவங்க தோப்புல கொண்டுபோய் விட்டுடலாமா?" என்று முடியும்.

சித்த மருத்துவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மூட்டுவலித் தைலம் வாங்க வருகிற அம்மாவின் கையில் பல் பதிந்த கோடுகள் தெரிகின்றன. "குட்டி விளையாட்டா கடிச்சது டாக்டர், மஞ்சள் வச்சிருக்கேன்" என்கிறார். இரைப்பு உள்ள பையனின் அப்பா, "இவன் நாய்க்குட்டி கேட்டு அழறான், வாங்கலாமா?" என்கிறார். இன்னொருவர், "அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன் சார், இப்ப கிட்டப் போனாலே உறுமுது" என்கிறார். இவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த இனம் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீரும்.

பிறவித் தொழில்

நம்மூர் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். முயலைக் கண்ணால் கண்டு, விரட்டிப் பிடிப்பது அவற்றின் வேலை. லாப்ரடாரும் வேட்டை நாய்தான். ஆனால் அதன் வேலை வேறு. துப்பாக்கி வைத்திருப்பவர் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். சுட்ட வாத்து ஏரியில் விழுந்ததும், 'போ' என்றால்தான் போகும். நீந்திப் போய், இறகு கசங்காமல் கவ்விக்கொண்டு வந்து, எஜமானரின் கையில் கொடுக்கும். வாய்க்குள் இறைச்சியை வைத்துக்கொண்டு, அதைத் தின்னாமல் இன்னொருவர் கையில் கொண்டுவந்து கொடுக்கிற பிராணி! நம்மில் எத்தனை பேர் பந்தியில் அப்படிச் செய்வோம்?

இதன் பூர்வீகம் கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு. உறைய வைக்கும் கடலில் மீனவர்களோடு படகில் போய், தூண்டிலிலிருந்து நழுவுகிற மீனைப் பிடித்து வரும். வலைக் கயிற்றைக் கவ்விக்கொண்டு நீந்தி வரும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பிரபுக்கள் இதை வாத்து வேட்டைக்குப் பழக்கினார்கள். 1903-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. நம் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1903-ல்தான்! உங்கள் குட்டியின் கால்விரல்களைப் பிரித்துப் பாருங்கள், நடுவே சவ்வு இருக்கும். துடுப்பு மாதிரி தடித்த வால், தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை ரோமம் எல்லாம் அந்தக் குளிர்க்கடல் கொடுத்தவை.

நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ல் செய்த திருத்தமும் வேட்டைப் பொழுதுபோக்குக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. நல்லதுதான். ஆகவே ஏரியும் கிடையாது, வாத்தும் கிடையாது. உங்கள் குட்டி இருப்பது மூன்றாவது மாடி ஃப்ளாட்டில். ஆனால் தொழில் மட்டும் அதன் வாயில் அப்படியே இருக்கிறது. வாத்து கிடைக்காத இடத்தில் செருப்பு!

செருப்போடு வரும்போது நாம் செய்வது

குட்டி வாசலிலிருந்து செருப்பைக் கவ்விக்கொண்டு கூடத்துக்கு வருகிறது. வாலை ஆட்டிக்கொண்டு, பெருமையாக. நாம் என்ன செய்கிறோம்? "ஏய், போடு! போடு கீழே!" என்று நாலு பேர் நாலு பக்கமும் விரட்டுகிறோம். பிடித்ததும் வாயைப் பிளந்து பிடுங்குகிறோம். முதுகில் ஒரு அடி.

இதில் அவன் இரண்டு பாடம் படிக்கிறான். செருப்பை எடுத்தால் வீடே நம்மோடு ஓடிப்பிடித்து விளையாடும் என்பது ஒன்று. கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அடி விழும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பாடம்தான் ஆபத்து. அடுத்த தடவை அவன் உங்களிடம் வரமாட்டான். கட்டிலுக்கு அடியில் போய்க் கடிப்பான். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் அவசரமாக விழுங்கவும் செய்வான். சாக்ஸ், ஹேர்பேண்ட், மாங்கொட்டை எல்லாம் குட்டிகளின் குடலை அடைத்து, ஆபரேஷன் வரை கொண்டுபோகிறவை. வயிறு உப்பி, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? தரையில் உட்காருங்கள். நிற்கிற மனிதன் குட்டிக்கு மலை மாதிரி. நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, கொஞ்சலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்ததும் வாயில் இருப்பதை உடனே பிடுங்காதீர்கள்! அது வாயிலேயே இருக்கட்டும். நெஞ்சையும் முதுகையும் தடவி, "சமர்த்து, நல்ல பையன்" என்று பத்து எண்ணும் நேரம் கொஞ்சுங்கள். பிறகு மூக்குக்கு நேரே ஒரு துண்டு வேகவைத்த கோழியோ, கேரட்டோ காட்டுங்கள். வாய் தானாகத் திறக்கும். திறக்கிற அந்த நொடியில் "கொடு" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். துண்டைக் கொடுங்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு செருப்பை எடுத்து உயரத்தில் வையுங்கள். செருப்பு ஸ்டாண்டை வாசலில் தரையோடு வைத்துவிட்டு குட்டியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வெளிநாடுகளில் வேட்டை நாய் பழக்குகிறவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். கொண்டுவந்து கொடுப்பது குட்டிக்குச் சந்தோஷமான காரியமாக இருக்க வேண்டும். அந்தச் சந்தோஷம் ஒரு தடவை கெட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம் என்பார்கள்.

ரேழியில் ஒரு பள்ளிக்கூடம்

இதையே தினசரிப் பாடமாக்கலாம். பழைய வீடுகளில் ரேழி இருக்கும். ஃப்ளாட்டில் அறைகளுக்கு நடுவே ஒரு நடைபாதை இருக்கும். அதன் எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுங்கள். ஒரு கோடியில் நீங்கள் தரையில் உட்காருங்கள். பழைய துண்டை உருட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு, அவன் வாயில் பிடிக்கிற அளவாக, ஆனால் விழுங்க முடியாத அளவாக ஒரு பொட்டலம் செய்துகொள்ளுங்கள். அவன் மூக்கெதிரே இரண்டு தடவை ஆட்டிவிட்டு, ஏழெட்டு அடி தூரத்தில் எறியுங்கள். ஓடிப்போய்க் கவ்வுவான். அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நீங்கள். உங்களிடம்தான் வந்தாக வேண்டும்! வரும்போதே "வா" என்று சொல்லுங்கள். வந்ததும் முன்பு சொன்னது போலக் கொஞ்சல், பிறகு "கொடு".

முதல் வாரம் மூன்று தடவைக்கு மேல் எறிய வேண்டாம். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று குழந்தைகள் கேட்பார்கள். குட்டியும் கேட்கும். ஆசை தீராத இடத்தில் நிறுத்திவிடுவதுதான் இதில் சூட்சுமம். அலுத்துப்போன குட்டி, பாதி வழியில் துண்டைப் போட்டுவிட்டு எறும்பை வேடிக்கை பார்க்கப் போய்விடும். ஒரு பாடம் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று பாடம். காலை, மாலை, படுக்கும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டுப் பொட்டலம் பாடம் முடிந்ததும் பீரோவுக்குள் போய்விட வேண்டும். எந்நேரமும் கிடைத்தால் அதன் மதிப்பு போய்விடும்.

நாலு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால் பற்கள் 28-ம் விழுந்து, நிரந்தரப் பற்கள் 42 முளைக்கும். ஈறு வலிக்கும். அந்த நாட்களில் துண்டைக் கவ்வ மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வலியோடு கவ்விப் பழகினால் கவ்வுவதே வெறுத்துப்போகும். நனைத்த துணியை ஃப்ரீஸரில் வைத்து, கெட்டியானதும் பக்கத்தில் இருந்துகொண்டு கடிக்கக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். தாத்தா "உட்கார்" என்கிறார். அம்மா "உக்காருடா" என்கிறார். அக்கா "சிட்" என்கிறாள். குட்டிக்கு இது மூன்று பாஷை! இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து ஐந்து சொற்களை முடிவு செய்யுங்கள். வா, உட்கார், இரு, கொடு, போதும். எழுதி ஃப்ரிஜ் கதவில் ஒட்டுங்கள். தமிழோ இங்கிலீஷோ, எதுவானாலும் சரி, எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். "வா வா வா வா" என்றால், நாலாவது 'வா'வுக்கு வந்தால் போதும் என்று படித்துக்கொள்வான். குளிப்பாட்டவோ, மருந்து கொடுக்கவோ, திட்டவோ "வா" என்று கூப்பிடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே எழுந்து போய்த் தூக்கி வாருங்கள்.

பாசம் எங்கிருந்து வருகிறது? சோறு போடுகிறவரிடம் மட்டும் நாய் ஒட்டும் என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்ட ஜோடிகளில், இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடியிருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயின் உடம்பில் பெருகுகிற அதே சுரப்பு! துண்டைக் கொடுத்துவிட்டு அவன் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான் பாருங்கள், அப்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தெருவில் பழகாத நாயை மட்டும் இப்படி உற்றுப் பார்க்க வேண்டாம். அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

பல் படும்போது

குட்டி கையைக் கடிப்பது பெரும்பாலும் விளையாட்டு. கூடப் பிறந்த குட்டிகளோடு அப்படித்தான் விளையாடியது. பல் தோலில் பட்டதும் விளையாட்டை நிறுத்துங்கள். கத்தாமல், அடிக்காமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய் அரை நிமிஷம் கழித்து வாருங்கள். கடித்தால் ஆள் போய்விடுகிறார் என்பது அவனுக்குச் சீக்கிரம் புரியும். வந்ததும் கையை நீட்டாமல் பொம்மையை நீட்டுங்கள்.

சாயங்காலம் ஏழு மணி சுமாருக்குக் குட்டி பேய் பிடித்த மாதிரி ஓடும், வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் கடிக்கும். "எனர்ஜி அதிகம் டாக்டர்" என்பார்கள். பெரும்பாலும் அது தூக்கக் குறைவு! இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். நம் வீட்டில் யார் தூங்க விடுகிறார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், டி.வி. சீரியல், அடுத்த வீட்டுக்காரர்... இருட்டான ஒரு மூலையில் அட்டைப்பெட்டியோ கூடையோ வைத்து, அம்மாவின் பழைய நூல் புடவையை விரித்து, "அங்கே படுத்தால் யாரும் தொடக் கூடாது" என்று வீட்டில் சட்டம் போடுங்கள். முதல் சில ராத்திரிகள் அந்தப் பெட்டி உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தாயை விட்டு வந்த குழந்தை, அழத்தான் செய்யும்.

எலும்பு கடிக்கும்போது உறுமினால்? உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிப்பான். சாப்பிடும்போது பக்கத்தில் போய், தட்டில் இன்னும் ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மனிதன் கிட்டே வந்தால் நல்லது வரும் என்று பழகட்டும். ஆறேழு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் குட்டியையும் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகவே கூடாது. எவ்வளவு சாதுவான குட்டியாக இருந்தாலும் சரி.

மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

"நம்ம வீட்டுக் குட்டிதானே, அதுக்கென்ன வெறி?" என்று நினைக்காதீர்கள். குட்டிகளுக்கும் வெறிநோய் வரும். அது எந்தத் தெருவில், எந்த நாயோடு இருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்று மாதம் முடியும் வரை அதற்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டார்கள்.

பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், முதல் வேலை குழாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிஷம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சித்த மருத்துவம் படித்தவனே சொல்கிறேன். எங்களுக்கு நஞ்சு மருத்துவம் என்று ஒரு பாடமே உண்டு. நாய்க்கடிக்கு ஏடுகளில் மருந்துகள் சொல்லியிருக்கிறது, படித்திருக்கிறோம். ஆனால் வெறிநோய்க் கிருமியைத் தடுக்கிற மருந்து என் அலமாரியில் கிடையாது. வேறு எந்த வைத்தியர் அலமாரியிலும் கிடையாது. அந்த நோய் தெரிய ஆரம்பித்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே அபூர்வம். அதைத் தடுப்பது தடுப்பூசி ஒன்றுதான். பாரிஸில் 1885-ல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907-லேயே அவர் பெயரில் நிலையம் ஆரம்பித்துவிட்டார்கள்.

"தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களே" என்று இன்றும் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பழைய ஊசி 2005-க்குள் நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில், ஆரம்பித்த நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்கள் என்று நாலே தடவை. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். "பத்து நாள் நாயைக் கவனிச்சுட்டு அப்புறம் ஊசி போட்டுக்கலாம்" என்று காத்திருப்பது தவறு. ஊசியை ஆரம்பித்துவிட்டு, நாயைப் பத்து நாள் கவனியுங்கள். ஊசியைத் தொடர்வதா என்பதை மருத்துவர் சொல்வார்.

குட்டிக்கான ஊசிகளும் தள்ளிப்போட முடியாதவை. பார்வோ என்ற கிருமி ரத்தபேதியாக வந்து இரண்டே நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாக 16 வாரம் வரை போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் மறு ஊசிகள். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை 15 நாளுக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. குட்டியின் வயிற்றுப் புழு முட்டை பிள்ளைகள் வயிற்றுக்குள்ளும் போகும். விளையாடிய கையைக் கழுவாமல் முறுக்கு எடுக்க விடாதீர்கள்.

ஊசி முடியும் வரை தெருத் தரையில் விட வேண்டாம். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்க வேண்டாம். மூன்று வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரைதான் குட்டியின் மனசு புது விஷயங்களைப் பயமில்லாமல் ஏற்கும் காலம். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, பஸ், தாடி வைத்தவர், ஹெல்மெட் போட்டவர், கோயில் மேளம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். குக்கர் விசில், மிக்ஸி சத்தத்துக்கும் பழகட்டும். இந்தக் காலம் போனால் தீபாவளிக்குத் தீபாவளி கட்டிலுக்கு அடியில் நடுங்குவான்.

அவனுக்கு நிஜமாகவே பசிக்கிறது!

லாப்ரடார் எப்போதும் பசியோடு இருப்பது போல் பார்க்கும். நடிப்பு என்பார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். இந்த இனத்தில் சுமார் நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு குறைவு. பாவம், போதும் என்ற சேதி அவனுக்குப் போய்ச் சேருவதில்லை! அதனால்தான் ஒரு துண்டு கேரட்டுக்காக எந்தப் பாடத்தையும் படிக்கிறான். அதனால்தான் நடுவயதில் உருண்டைப் பூசணி ஆகிறான். பாடத்துக்குக் கொடுக்கிற துண்டுகளை அவன் சாப்பாட்டு அளவிலேயே கழித்துக்கொள்ளுங்கள். தடவிப் பார்த்தால் விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும்.

பாயசம் மிஞ்சினால் தட்டில் ஊற்றாதீர்கள். அதில் கிடக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். ஆகவே சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் கூடாது. சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் கொடிய விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் மாதிரி இருந்தால் நம் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறார்கள், அதுவும் ஆபத்து. என் தொழிலையும் சேர்த்தே சொல்கிறேன். கற்பூரம் போட்ட தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் இவற்றைக் குட்டியின் மேல் தடவாதீர்கள். அது நக்கித் தின்னும், வலிப்பு வரும். மனிதனுக்குச் சொன்ன மருந்து மனிதனுக்குத்தான்.

இரைப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். லாப்ரடார் நிறைய முடி உதிர்க்கும். நாய் வளர்க்கிற உறவினர் வீட்டுக்கு நாலைந்து தடவை போய், சில மணி நேரம் இருக்க வைத்துப் பாருங்கள். இளைப்பு வந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். குட்டிக்காகப் பிள்ளையின் இன்ஹேலரை நிறுத்தியவர்கள் உண்டு, அப்படிச் செய்யவே கூடாது. வாங்கும்போது எட்டு வாரம் முடியாத குட்டியை விற்பது 2017-ம் ஆண்டு விதிகளின்படி தவறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வழவழப்பான டைல்ஸ் தரை வளரும் இடுப்பு மூட்டுக்கு எதிரி. ஓடும் இடத்தில் பாய், மிதியடி விரியுங்கள். மாடிப்படியில் ஏறி இறங்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். அந்த இரட்டை ரோமம் பனிக்கடலுக்குத் தைத்த சட்டை, கத்திரி வெயிலுக்கு ஆகாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். விடியற்காலையிலும், இருட்டிய பிறகும்தான் நடை. புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அவன் பாதத்தாலும் முடியாது.

எட்டாவது மாதம்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எட்டு, ஒன்பது மாதத்தில் "வா" என்றால் காதே கேட்காதது போல் நிற்பான். துண்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவான். விருந்தாளி மேல் தாவுவான். உடம்பு பெரிய நாய், புத்தி விடலைப் பையன். தோப்பில் விட்டுவிடலாமா என்ற யோசனை வருவது இந்தச் சமயத்தில்தான். எங்கிருந்து எங்கே போய்விட்டோம் என்று தெரியாத நாய், கேட்டருகில் உட்கார்ந்து நாள்கணக்கில் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த விடலைத்தனம் ஒன்றரை, இரண்டு வயதில் தானாக அடங்கும்.

அதுவரை பாடத்தை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். துண்டுப் பொட்டலத்தோடு மறுபடி ரேழிக்குப் போய், கதவுகளைச் சாத்தி, மூன்றே தடவை. அங்கே பத்து நாள் சரியாக வந்தால், பிறகு வெளி மைதானம். அங்கே கழுத்துக்குப் போடாமல் நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டையில் பத்து மீட்டர் நூல்கயிறு ஒன்றைக் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். கூப்பிட்டு வராவிட்டால் விரட்டாமல், கயிற்றின் மேல் காலை வைத்து நின்றுகொண்டு, எதிர்த்திசையில் திரும்பி உட்கார்ந்துவிடுங்கள். என்னவோ ஏதோ என்று பார்க்க வருவான். வந்ததும் நெஞ்சைத் தடவுங்கள். வாயில் இருப்பதை உடனே வாங்காதீர்கள்.